மலாவி கிராமத்தில் இரண்டு ஆண்டு தன்னார்வப் பணி: கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து திரும்பி வந்த பின்பு வரை

மலாவியில் ஒரு கிராமப் பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ நீண்ட காலத் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். வந்திறங்கிய வாரமே திட்டம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் எங்கே எடுப்பது என்று தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, மூன்றாம் மாதம் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாது.

முதலில் வீடு, அடுத்து அக்கம்பக்கம், மூன்றாவதாக வேலை. கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. மாற்றிச் செய்தால் முதல் ஆறு மாதம் வீணாகும்.

1. ஆறு மாதம் முன்பே: ஊசிகள்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாக முடிய ஆறு மாதம் ஆகும்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசி. டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் ஆகியவற்றை இடையில் போட்டுக்கொள்ளலாம்.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இன்று ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, மொத்தம் இரண்டே ஊசி. நாய் கடித்த பிறகு காயத்தில் செலுத்த வேண்டிய இம்யூனோகுளோபுலின் மருந்து மலாவியின் கிராமப்புறத்தில் கிடைப்பது அரிது. முன்பே ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து வேண்டாம். காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்னும் இரண்டு ஊசி போட்டால் போதும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மலாவிக்காக அல்ல, வழிக்காக. மலாவியின் தலைநகர் லிலோங்வேக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகவே போகின்றன. எத்தியோப்பியா, கென்யா இரண்டும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் முகாமில் வைக்கலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது, அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும்.

2. காகிதங்கள்

பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும் என்று உறுதிசெய்யும் முத்திரை). இந்த வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். காவல்துறை நற்சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

பணி அனுமதி உங்களை அழைக்கும் அமைப்பின் பொறுப்பு. "சுற்றுலா விசாவில் வாருங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள் என்றால் கிளம்பாதீர்கள். அனுமதி இல்லாமல் பள்ளியில் நிற்பது உங்களுக்கு மட்டுமல்ல, தலைமையாசிரியருக்கும் சிக்கல்.

உதவித்தொகை எந்த நாணயத்தில் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். மலாவி குவாச்சாவின் மதிப்பை 2022 மே மாதம் 25 சதவீதமும், 2023 நவம்பரில் 44 சதவீதமும் குறைத்தார்கள். குவாச்சாவில் நிலையான தொகை என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு அடுத்த மாதம் எண்ணெயும் சோப்பும் வாங்குவதே கணக்குப் பார்க்கும் விஷயமாகிவிட்டது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக்கு ஒருமுறையாவது தொகை திருத்தப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

3. ஊரில் விட்டுப்போகும் வீடு

தூரத்தில் இருக்கும்போது அதிகம் வாட்டுவது அங்குள்ள கஷ்டத்தைவிட இங்குள்ள சின்னச் சின்ன முடிச்சுகள்தான்.

முதல் முடிச்சு ஓடிபி. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத இந்திய எண் துண்டிக்கப்படலாம். எண் போனால் வங்கி, ஆதார், பி.எஃப். எல்லாமே பூட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவர் பெயர் சொல்லி, "மாதா மாதம் 5ஆம் தேதி ரீசார்ஜ்" என்று காலண்டரில் எழுதிவிட்டு வாருங்கள். சர்வதேச ரோமிங்கைச் சென்னையில் இருக்கும்போதே இயக்கி, ஒரு பரிவர்த்தனையை மின்னஞ்சல் ஓடிபியில் முடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பெற்றோர். மருத்துவக் காப்பீட்டு அட்டை, புதுப்பிக்கும் தேதி, மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இரண்டு பேரின் எண்கள் என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவசரம் என்றால் நீங்கள் கிராமத்திலிருந்து கிளம்பி வீடு வந்து சேர மூன்று நாள்கூட ஆகலாம். முன்கூட்டியே அண்ணன், அக்காவிடம் உட்கார்ந்து பேசி, முதல் மூன்று நாளை யார் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பின்னால் குற்ற உணர்வில் பாதியில் திரும்புகிறார்கள்.

மலாவி நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 5 மணிக்கு வேலை முடிந்தால் இங்கே இரவு எட்டரை. அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் அம்மா தூங்கிவிடுவார்.

4. பெட்டியில் வைக்க வேண்டியவை

மூன்று லிட்டர் பிரஷர் குக்கர், கூடவே இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு. உதிரி இல்லாமல் குக்கரை மட்டும் கொண்டுபோவது வழக்கமான தவறு. கேஸ்கட் போனால் கிராமத்தில் அது வெறும் பாத்திரம்.

மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் பிரிட்டன் பாணிச் சதுரப் பின். இரண்டு அடாப்டர் போதும். தலையில் மாட்டும் டார்ச், சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கு, 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க். சாம்பார்ப் பொடி, பெருங்காயம், கடுகு, வெந்தயம். அரிசி, பருப்பு, புளி வேண்டாம். காரணம் எட்டாவது படியில்.

உங்கள் கண்ணாடியின் பவர் எழுதிய சீட்டோடு இன்னொரு ஜோடிக் கண்ணாடி. கிராமச் சாலையில் கண்ணாடி உடைந்தால் லிலோங்வே அல்லது பிளான்டயர் வரை போய்வர வேண்டியிருக்கும்.

5. முதல் வாரம் நகரத்தில்

பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். ஏர்டெல், டி.என்.எம். என்று இரண்டு நிறுவனங்கள். எது நல்லது என்று நகரத்தில் கேட்காதீர்கள். நீங்கள் போகும் பள்ளியின் ஆசிரியருக்குப் போன் போட்டு, அங்கே எது எடுக்கிறது என்று கேட்டு அதை வாங்குங்கள்.

அதே சிம்மில் மொபைல் பணக் கணக்கைத் தொடங்குங்கள்: ஏர்டெல் மணி அல்லது டி.என்.எம். நிறுவனத்தின் ம்பாம்பா. கிராமத்தில் ஏ.டி.எம். இருக்காது. வீட்டில் பிரீபெய்டு மின் மீட்டர் இருந்தால் அதற்கான 20 இலக்க டோக்கனையும் இந்தக் கணக்கிலிருந்தே வாங்கலாம். பணத்தை மொத்தமாக வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம், மொத்தமாகப் போனில் வைத்தால் சிக்னல் இல்லாத நாளில் பட்டினி. பாதி பாதி வையுங்கள்.

6. கிராமத்தில் முதல் மூன்று நாள்: தலைவர், வணக்கம், பெயர்கள்

தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு முதலில் கிராமத் தலைவரைப் போய்ப் பாருங்கள். அவரை ம்ஃபுமு என்பார்கள். ஒரு கிலோ சர்க்கரையோ ஒரு கட்டி துணிசோப்போ போதும். எதைக் கொண்டுபோகலாம் என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். ம்ஃபுமு அறியாமல் ஊரில் தங்கும் ஆள் யாருடைய பொறுப்பும் அல்ல. வீட்டில் திருட்டுப் போனால் முதலில் கூடிப் பேசுவது அவர் முற்றத்தில்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து "ஓடினி!" என்று பதில் வந்த பிறகே உள்ளே போக வேண்டும். கதவைத் தட்டுவது அங்கே அவசரத்தின் அடையாளம் போல ஒலிக்கும்.

அங்கே பேசும் சிச்சேவா மொழியில், காலையில் "ம்வாட்ஸுகா ப்வாஞ்சி?", அதாவது எப்படி விழித்தீர்கள். பதில், "ந்தாட்ஸுகா ப்வினோ, காயா இனு?" அதாவது நன்றாக விழித்தேன், நீங்கள்? இதை முடிக்காமல் காரியம் பேசத் தொடங்கினால், சொல்லும் விஷயம் எவ்வளவு முக்கியமானாலும் கேட்கிறவர் முகம் சுருங்கும்.

தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிச்சேவா மொழியிலும் நீ, நீங்கள் இரண்டும் தனித்தனி: "இவே" என்றால் நீ, "இனு" என்றால் நீங்கள். தவறு நடப்பது எப்படி என்றால், புதியவர்கள் மொழியைக் குழந்தைகளிடம் கற்கிறார்கள். குழந்தைகள் தங்களுக்குள் பேசுவது "இவே". அதை அப்படியே கொண்டுபோய் ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுகிறார்கள். பெரியவர் திருத்தமாட்டார், மௌனமாகிவிடுவார். சந்தேகம் வந்தால் எல்லோருக்கும் "இனு", வயதான பெண்களுக்கு "அமாயி", ஆண்களுக்கு "பாம்போ".

இந்திய முகத்தைப் பார்த்ததும் "அம்வென்யே" என்பார்கள், இந்தியர் என்று பொருள். நகரங்களில் பல கடைகளை இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நடத்துவதால், நீங்களும் வியாபாரத்துக்கு வந்தவர் என்று நினைப்பது இயல்பு. என்ன வேலைக்கு வந்தீர்கள், எவ்வளவு காலம், யார் அழைத்தது என்ற மூன்று வாக்கியங்களைச் சிச்சேவாவில் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

7. தண்ணீர், அடுப்பு, துணி

குடிதண்ணீர் பெரும்பாலும் ஊர்ப் பொது அடிகுழாயில். விடிந்ததும் பெண்கள் வரிசை நீளும். முற்பகலில் கூட்டம் குறைவு. குழாய்க் கமிட்டிக்கு மாதச் சந்தா இருக்கிறதா என்று கேட்டு முதல் மாதமே கட்டிவிடுங்கள். குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவது அந்தப் பணத்தில்தான். தண்ணீரை மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் வைத்து, கொதித்துக் குமிழி விடத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு ஆறவைத்துக் குடியுங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அலையில் மலாவியில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைக்காலத்தில் ஒருநாள்கூட இந்தப் பழக்கத்தைத் தளர்த்த வேண்டாம். பேதி தொடங்கினால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலந்து குடியுங்கள்.

அடுப்பு ம்பாவுலா: தகரத்தில் செய்த கரி அடுப்பு. வெளியில் பற்றவைத்து, வெளியிலேயே சமையுங்கள். ஜூன், ஜூலையில் டெட்சா போன்ற மேட்டுப் பகுதிகளில் இரவு நன்றாகக் குளிரும். அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு கதவை மூடத் தோன்றும். கூடவே கூடாது. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். கம்பளி இன்னொன்று வாங்குங்கள்.

வெளியில் காயப்போட்ட எல்லாத் துணியையும் இஸ்திரி போடுங்கள், உள்ளாடை, துண்டு உட்பட. புட்ஸி ஈ என்ற ஒன்று ஈரத்துணியில் முட்டையிடும். புழு பொரிந்து தோலுக்குள் நுழையும். சில நாளில் கொப்புளம் போல வீங்கி, நடுவில் ஒரு சிறு துளை தெரியும், உள்ளே ஏதோ அசைவது போல் இருக்கும். அதைப் பிதுக்கக் கூடாது. துளையின் மேல் வாசலினைத் தடித்துப் பூசினால் மூச்சுக்காகப் புழு மேலே வரும், அப்போது மெதுவாக எடுக்கலாம். இஸ்திரியின் சூடு முட்டையைக் கொன்றுவிடும். மடிப்போரத்தையும் இடுப்புப் பட்டையையும் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

8. சாப்பாடு

மலாவியின் அன்றாட உணவு ந்சிமா, வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. களி தின்று வளர்ந்தவர்களுக்கு முதல் நாளே கை பழகிவிடும். தொட்டுக்கொள்ள ந்டிவோ: கீரை, பீன்ஸ், மீன், இருந்தால் கோழி.

மலாவியில் துவரை விளைகிறது, இந்தியாவுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அங்கே பெயர் நண்டோலோ. சந்தையில் தோலோடு முழுசாகக் கிடைக்கும். இரவே ஊறவைத்து, காலையில் உள்ளங்கையால் தேய்த்துத் தோலை நீரில் மிதக்கவிட்டு வடித்து, குக்கரில் நம் பருப்பைவிட இரண்டு விசில் கூட வையுங்கள். புளிக்கு ப்வெம்பா என்று பெயர், ஏரிக்கரைச் சந்தைகளில் கிடைக்கும். முருங்கைக்கீரை சம்வாம்பா, முளைக்கீரை வகை போனோங்வே. சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் மட்டும் பெட்டியில் வந்தால் மிச்சம் எல்லாம் அங்கேயே இருக்கிறது.

சைவர்கள் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். விருந்தாளிக்குக் கோழி அடிப்பது அங்கே மரியாதை. கோழி இலைக்கு வந்த பிறகு வேண்டாம் என்றால், அந்த வீட்டின் சொத்தில் ஒரு பங்கை வீணாக்கியதாகிறது. முதல் வாரமே பக்கத்து வீட்டு அமாயியிடம் "சிண்டிட்யா ந்யாமா", இறைச்சி சாப்பிடமாட்டேன், என்று சொல்லிவிடுங்கள். ஊர் முழுக்கச் செய்தி போய்விடும். கூடவே ந்சின்ஜிரோ போட்ட கீரை பிடிக்கும் என்றும் சொல்லுங்கள். நிலக்கடலைப் பொடி தூவிய அந்தக் கீரையை எல்லா வீட்டிலும் செய்யத் தெரியும், அதனால் உங்களை அழைப்பது எளிதாகிவிடும். அப்போதும் கருவாட்டுப் பொடி சேர்ந்திருக்கலாம், சமைக்கும் முன் கேளுங்கள்.

9. காய்ச்சல், ஏரி, சாலை

மலேரியா தடுப்பு மாத்திரையை "இங்குள்ளவர்கள் போடுவதில்லையே" என்று மூன்றாம் மாதம் நிறுத்துவதுதான் மிக ஆபத்தான தவறு. அங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, இரண்டு மூன்று நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இருக்கும் ஓரளவு தாங்கும் சக்தி உங்கள் உடலில் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் 100 மில்லிகிராம், நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில். படுக்கப்போகும்போது விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். மருந்து தெளித்த வலை தினமும், குளிர்காலத்திலும்.

காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. முதல் சோதனையில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி சோதியுங்கள். மலேரியாவுக்கான ஆர்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின் மாத்திரை கொடுத்தால் பெரியவர்களுக்கு நான்கு மாத்திரை வீதம் ஆறு வேளை, மூன்று நாளில் 24 மாத்திரை. இரண்டாம் வேளை முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடலில் சேரும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையாவது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

தனியாக வாழ்கிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து, "காலை 8 மணிக்கு என் கதவு திறக்கவில்லை என்றால் வாருங்கள்" என்று சொல்லிவையுங்கள்.

மலாவி ஏரியில் நாணல் உள்ள அமைதியான கரையில் இறங்கினால் பில்ஹார்சியா ஒட்டுண்ணி தோல் வழியாக நுழையும். இறங்கியிருந்தால் தேதியைக் குறித்துவைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதனை செய்யுங்கள். உடனே செய்தால் தெரியாது.

இரவில் மினிபஸ் வேண்டாம். விளக்கில்லாத லாரி, சாலையோரம் நடப்போர், மாடு எல்லாம் ஒரே தாரில். மாலை 4 மணிக்குள் ஊர் சேர முடியாது என்றால் கிளம்பாமல் தங்குங்கள்.

10. வேலை: முதல் மூன்று மாதம், பிறகு நாட்காட்டி

முதல் மூன்று மாதம் எதையும் தொடங்காதீர்கள். உங்களோடு இணைத்துள்ள உள்ளூர் ஆசிரியரின் அல்லது ஊழியரின் கூடவே இருந்து, அவர் செய்வதைப் பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே யார் வந்து எதைத் தொடங்கி நின்றுபோனது என்ற பட்டியல் இந்த நேரத்தில்தான் கிடைக்கும். பூட்டிய அறையில் ஒரு கணினி தூசி படிந்து கிடக்கிறதென்றால், சாவி யாரிடம், எதற்காகப் பூட்டினார்கள் என்று தெரிந்த பின்தான் புதுக் கணினி கேட்க வேண்டும்.

"சரி, செய்யலாம்" என்ற பதிலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விருந்தாளியின் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைக் குறைவு. "யார் செய்வார்? எந்த நாள்? அந்த நாளில் அவருக்கு வேறென்ன வேலை?" என்று கேட்டால் உண்மையான பதில் தெரியும்.

அடுத்தது பருவம். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. நவம்பர், டிசம்பரில் எல்லோரும் வயலில். ஜனவரி முதல் மார்ச் வரை போன அறுவடை தீர்ந்து, புதியது வராத பசிக்காலம். பல வீடுகளில் ஒருவேளைச் சாப்பாடு. அந்த மாதங்களில் நாள் முழுக்கப் பயிற்சி வைத்தால் வரமாட்டார்கள், வந்தாலும் மயங்குவார்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் காலை இரண்டு மணி நேரம், உணவோடு. பெரிய பயிற்சிகளை அறுவடை முடிந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வையுங்கள்.

ஊரில் மலிரோ, அதாவது சாவு, என்றால் எல்லா வேலையும் நிற்கும். பயிற்சி நாளாக இருந்தாலும் போய் உட்காருங்கள். பெண்கள் சித்தென்ஜி துணியை இடுப்பில் சுற்றி உள்ளே, ஆண்கள் வெளியே. மக்காச்சோள மாவோ சிறு தொகையோ கொடுப்பது வழக்கம். இரண்டு மலிரோவுக்குப் போகாத தன்னார்வலரை அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் மனதார அழைப்பதில்லை.

11. பணம் கேட்கும்போது

கேட்பார்கள்: பள்ளிக் கட்டணம், மருந்து, மாவு. கேட்பதில் இழிவு எதுவும் இல்லை, இருப்பவரிடம் கேட்பது அங்கே உறவின் ஒரு பகுதி. முதல் மாதம் மனம் கேட்காமல் ஒருவருக்கு நோட்டைக் கொடுத்தால், அடுத்த வாரம் வாசலில் எட்டுப் பேர் நிற்பார்கள். ஏழு பேரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டிவரும். அந்த ஏழு முகங்கள் தூங்கவிடாது.

மாதத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒதுக்கி, பள்ளிக் கமிட்டி வழியாக நேரடியாகக் கட்டணமாகக் கட்டுங்கள். யாருக்கு என்பதைக் கமிட்டி முடிவு செய்யட்டும். வாசலில் கேட்பவரிடம் "பெபானி" என்று வருத்தம் சொல்லி, கமிட்டியைக் கைகாட்டுங்கள். உயிர் போகும் அவசரம் மட்டும் விதிவிலக்கு.

12. தனிமை

நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரைதான் கடினம். புதுமை போயிருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது, மழையும் சேர்ந்துகொண்டால் நாள்கணக்கில் கரண்டும் இருக்காது. இந்தக் காலத்தில் ஒப்பந்தத்தை முறிக்கும் முடிவை எடுக்காதீர்கள். விடுப்பு எடுத்து நகரத்தில் நான்கு நாள் தங்கி, தமிழில் வாய்விட்டுப் பேசிவிட்டு வந்து யோசியுங்கள். இரவு முழுக்கப் போனில் ஊரோடு இருப்பவர்களுக்குத் தனிமை குறைவதில்லை. மாலையில் முற்றத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கும் வீட்டில் போய்ச் சேர்ந்து உரியுங்கள், பேச்சு வராவிட்டாலும் கை வேலை செய்யும். தூக்கமின்மை, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அமைப்பின் மருத்துவ எண்ணுக்குச் சொல்லுங்கள். சில தடுப்பு மாத்திரைகள், குறிப்பாக மெஃப்ளோகுயின், மனநிலையையே பாதிக்கும். மருந்து மாற்ற வேண்டியிருக்கலாம்.

13. கடைசி ஆறு மாதம்

புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இதுவரை நீங்கள் நடத்தியதை உள்ளூர் ஊழியர் நடத்த, நீங்கள் பின்பெஞ்சில் உட்காருங்கள். கடைசி இரண்டு மாதம் அந்த அறைப் பக்கமே போகாதீர்கள். அப்போது நின்றுபோவதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கும்.

சாவி, கடவுச்சொல், பொருள் பட்டியல் மூன்றையும் தலைமையாசிரியர், கமிட்டி, மாவட்ட அலுவலகம் என மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வீட்டுச் சாமான்களைக் கொடுப்பதாக இருந்தால் யாருக்கு எது என்று முன்பே சொல்லாதீர்கள். கடைசி நாள், தலைவர் முன்னிலையில்.

மலாவி காவல்துறையின் நற்சான்றிதழை அங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அடுத்த வேலைக்குக் கேட்பார்கள், கைரேகை கொடுத்து ஊரிலிருந்து வாங்குவது பெரும்பாடு.

14. திரும்பிய பின்

டாக்ஸிசைக்ளினை இன்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். விமானம் ஏறியதும் நிறுத்துகிறவர்கள் அதிகம். அடுத்த ஓராண்டில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்காவில் மலாவியில் இருந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைஃபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார்கள், மலேரியாவில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பில்ஹார்சியா, மலப் பரிசோதனை இரண்டையும் இரண்டாம் மாதத்தில் செய்யுங்கள்.

அங்குள்ள நண்பர்களுக்கு மாதம் ஒரு நாளைக் குறித்துப் போன் செய்யுங்கள். மூன்றரை மணி நேரக் கணக்கு இப்போது தலைகீழ்: இங்கே இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் அங்கே முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள்.